யானையைக் காட்டும் விரல்

ஒன்றரை வயதுப் பிள்ளை விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. மேசை மேல் இருக்கும் பிஸ்கட்டை நோக்கி நீட்டுவது ஒன்று. அது வேண்டும், எடுத்துக் கொடு என்று பொருள். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலியில் குளித்துவிட்டு வரும் யானையைப் பார்த்து நீட்டுவது இன்னொன்று. யானையை யாரும் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை. அது பிள்ளைக்கும் தெரியும். நீட்டிய விரலை மடக்காமலே அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், பிறகு மறுபடி யானையைப் பார்க்கும். நான் பார்ப்பதை நீயும் பார்க்கிறாயா என்பதுதான் அங்கே கேள்வி.

பெரும்பாலான பிள்ளைகள் இந்த இரண்டாவது வகையில் விரல் நீட்டத் தொடங்குவது முதல் பிறந்தநாளை ஒட்டி. ஒன்றரை வயதில் அது நன்றாகக் கைவந்துவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடம் அது பிந்தி வருகிறது, அல்லது அபூர்வமாகவே வருகிறது. பிஸ்கட் வேண்டுமென்றால் அவர்களுக்கு வேறு வழி இருக்கும். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவள் கையையே எடுத்து டின் மூடி மேல் வைப்பார்கள். முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு பேர் ஒரே பொருளைக் கவனிப்பதும், கவனிக்கிறோம் என்று இருவருமே அறிந்திருப்பதும்தான் உளவியலில் கூட்டுக் கவனம் எனப்படுவது. கேட்க அற்பமாகத் தோன்றும். பேச்சு வந்து சேரும் முக்கியமான பாதை அதுதான். ‘யானை’ என்று அம்மா சொல்கிறாள். அந்த நேரம் அவள் கண் எங்கே நிற்கிறது என்று பிள்ளை பார்த்தால்தான் அந்தச் சொல் சங்கிலிக்கா, பாகனுக்கா, நடந்து போகும் அந்தக் கரிய உருவத்துக்கா என்று பிடிபடும். ஆகவே ‘பேச்சு வரவில்லை’ என்று இரண்டரை வயதில் வைத்தியரிடம் வரும் பிள்ளையிடம் பேச்சுக்கு முன்னரே வந்திருக்க வேண்டிய சிலதும் வந்திருக்காது. பேச்சுக்காகக் காத்திருப்பவர்கள் அதைக் காண்பதில்லை. காது கேட்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். கேட்கிறது என்று உறுதியான பிறகு விரலைப் பார்க்க வேண்டும்.

ஆட்டிசத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரை 1943இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர், நன்றாகப் பேசக்கூடிய ஆனால் பிறருடன் ஒட்டாத சில சிறுவர்களைப் பற்றி எழுதினார். இந்த இரண்டையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லோர்னா விங். அவரும் ஜூடித் கூல்டும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பிள்ளைகளைத் தேடித் தேடிப் பார்த்து 1979இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கானர் வரைந்த சித்திரத்தோடு முழுவதும் பொருந்தாத, ஆனால் அதே வகையான சிரமங்கள் கொண்ட பிள்ளைகள் ஏராளம் என்று தெரிந்தது. நிறமாலை என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே பெயரின் கீழ் சேர்த்தது. மற்றவர்களோடு தொடர்பாடுவதில் வேறுபாடு, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும் குறுகிய ஆழமான ஆர்வங்களும் என்று இரண்டு பகுதி. ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது இரண்டாவது பகுதியில் அடங்கும்.

இனி இலங்கை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சிறுவர் மனநலப் பேராசிரியராக இருந்த ஹேமமாலி பெரேராவும் அவரது சகாக்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாதி நகரமான ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பரிசோதித்ததில் 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. அதாவது நான்கு பிள்ளைகள். நான்கு பேரை வைத்து ஒரு நாட்டின் கணக்கைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் உலகம் முழுவதற்கும் சொல்லப்படும் நூற்றில் ஒருவர் என்ற மதிப்பீட்டுக்கு அது பக்கத்தில் வருகிறது. (அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளிடையே 31 பேருக்கு ஒருவர் என்கிறார்கள். அங்கே தேடுவதும் அதிகம், வரையறையும் விரிந்துவிட்டது.)

அந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொரு எண். அமெரிக்காவில் உருவான எம்-சாட் என்ற வினாப்பட்டியலையும் அவர்கள் பயன்படுத்திப் பார்த்தார்கள். பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொல்லவேண்டிய 23 கேள்விகள் அதில் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 25 சதவீதத்தினரை மட்டுமே அது இனங்கண்டது. நாலில் மூன்று பிள்ளைகள் வலையின் ஓட்டை வழியாகப் போய்விட்டார்கள்.

ஏன்? இப்படி நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஹந்தானைப் பக்கம் ஒரு வீடு. மிட்வைஃப் திண்ணையில் உட்கார்ந்து பட்டியலை விரிக்கிறார்.

“மகன் விரல் நீட்டிக் காட்டுவானா அம்மா?”

“ஆமா மிஸ், காட்டுவானே.”

ஆம் என்று குறித்தாயிற்று. அம்மா பொய் சொல்லவில்லை. அவள் மனதில் இருந்தது பிஸ்கட். கேள்வி கேட்டது யானையை. ‘நேத்து என்னத்தைக் காட்டினான்? காட்டிட்டு உங்களைப் பார்த்தானா?’ என்று அடுத்த கேள்வி வந்திருந்தால் அவளுக்கே சந்தேகம் தட்டியிருக்கும். எம்-சாட்டின் பிந்திய பதிப்பில் இப்படி உதாரணம் கேட்கும் தொடர் கேள்விகள் சேர்க்கப்பட்டுவிட்டன. எங்கள் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மாயி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு பேர் தூக்கி வளர்க்கும் பிள்ளைக்கு வாய் திறக்குமுன்னே எல்லாம் கைக்கு வந்துவிடும். கேட்டுப் பெறவேண்டிய அவசியமே வராததால், கேட்கத் தெரியவில்லை என்பதும் வெளியே வருவதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா என்ற கேள்வியும் அப்படித்தான். பெரியவர்கள் பேசும்போது தலை குனிந்து நிற்பது நல்ல வளர்ப்பு என்று எண்ணும் ஊரில் அதற்கு நேரான பதில் கிடைப்பது கஷ்டம். பெண் பிள்ளை என்றால் இன்னும் மோசம். யாரோடும் சேராமல் மூலையில் உட்கார்ந்து பொத்தான்களை அடுக்கும் சிறுமிக்கு ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டுக் கிடைக்கும். ஆண் பிள்ளைகள் மூவருக்கு ஒரு பெண் பிள்ளை என்ற தற்போதைய கணக்கில் இந்தப் பாராட்டுக்கும் ஒரு பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

பெரேரா குழுவினர் இதற்குக் கண்ட மாற்று எனக்குப் பிடித்த ஒன்று. கேள்விகளோடு புகைப்படங்களைச் சேர்த்தார்கள். பிள்ளை செய்வதை விவரிக்கச் சொல்லாமல், படத்தைக் காட்டி, உங்கள் பிள்ளை இப்படிச் செய்வதுண்டா என்று கேட்கலாம். 2017இல் வெளியான அந்தப் படக் கருவிக்கு அதிகம் படித்த அம்மா தேவையில்லை.

இலங்கையில் பிறக்கும் பிள்ளைக்கெல்லாம் ஒரு வளர்ச்சிப் பதிவேடு கிடைக்கிறது. தடுப்பூசியும் எடையும் அதில் ஏறுகின்றன. எந்த மாதத்தில் என்ன செய்யவேண்டும் என்ற பட்டியலும் உண்டு. வீட்டுக்கு வரும் மிட்வைஃபும் இருக்கிறார். அண்டை நாடுகளில் பல இதைப் பார்த்துப் பெருமூச்சு விடும். பேராதனையில் சிறுவருக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறப்பு வைத்தியசாலை இருக்கிறது. மருத்துவ பீடமும் அருகிலேயே இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் கண்டி மாவட்டத்துப் பிள்ளைக்கு எல்லாம் கிட்டத்தான்.

தெல்தோட்டையில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவுக்கு அந்த வரைபடம் வேறு மாதிரி. கலஹா வழியாக பஸ் பிடித்துப் பேராதனைக்கு வந்து, நம்பர் எடுத்து, திரும்பிப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். அரைப்பேர்கூடக் கிடைக்காது. பேச்சுச் சிகிச்சை என்பது ஒரு நாள் விவகாரமும் அல்ல. வாரந்தோறும் வா, பதினைந்து நாளைக்கொரு தடவை வா என்பார்கள். வந்தால் அங்கே தமிழ் பேசும் சிகிச்சையாளர் இருக்க வேண்டும். பேச்சுச் சிகிச்சையாளர்களைப் பட்டப்படிப்பாகப் பயிற்றுவிப்பது ராகமையில் இருக்கும் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம். அதில் படித்து வெளியேறும் தமிழ் பேசுவோர் மிகச் சிலர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட மொழி தேவையில்லை. ‘குடு’ என்ற சொல்லை எப்போது சொல்ல வைப்பது என்று காட்டித் தர மொழி தெரிந்திருக்க வேண்டும்.

கண்டியில் மொழிச் சிக்கல் இதோடு முடிவதில்லை. வீட்டில் தமிழ், சந்தையில் சிங்களம், முன்பள்ளியில் ஆங்கிலம். அக்குறணையிலும் கம்பளையிலும் கட்டுக்கலையிலும் இது அன்றாட வாழ்க்கை. பிள்ளை பேசவில்லை என்றதும், ‘மூன்று மொழியில் குழம்பிவிட்டான், ஒன்றை மட்டும் பேசுங்கள்’ என்று அறிவுரை வரும். அந்த ஒன்று பெரும்பாலும் பள்ளிக்கூடத்து மொழியாகவே இருக்கும். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளை ஒரு மொழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்ட ஆய்வுகள், இரண்டாவது மொழியால் கூடுதல் தாமதம் வந்ததாகக் காணவில்லை. மாறாக, ‘கம் பேபி’, ‘சிட் பேபி’, ‘ஈட் பேபி’ என்று அம்மா மாறிவிடும்போது போய்விடுவது நிறைய. தெரியாத மொழியில் ஏவத்தான் முடியும். கொஞ்சவும் கிண்டல் பண்ணவும் கதை இழுக்கவும் சொந்த மொழி வேண்டும். அம்மாயியும் தாத்தாவும் பிள்ளையோடு பேச அஞ்சி ஒதுங்கிவிடுவார்கள். பேச்சுக்குத் தவிக்கும் வீட்டில் பேசுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது எந்த வைத்தியத்தில் சேர்த்தியோ தெரியவில்லை.

அம்மாமேல் பழி போடுவது இந்தத் துறையின் பழைய நோய். 1967இல் சிகாகோவிலிருந்து புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம், பாசமற்ற குளிர்ந்த தாய்மார்களால்தான் பிள்ளைகள் இப்படியாகிறார்கள் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. பத்து ஆண்டில் அதன் அடித்தளம் ஆட்டங்கண்டது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கருவில் உருவான 10 சோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஒரே வீடு, ஒரே அம்மா, வேறுபட்டது மரபணுப் பங்கு மட்டும். 2019இல் ஐந்து நாடுகளின் 20 லட்சம் பேரை வைத்துச் செய்த கணக்கு, ஆட்டிசம் யாருக்கு வருகிறது என்பதிலுள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்றது. ஒற்றை மரபணு அல்ல. நூற்றுக்கும் மேற்பட்டவை இதில் கைவைக்கின்றன. தடுப்பூசிக் கதையும் முடிந்த கதைதான். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 பிள்ளைகளை வைத்து, தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு 1998இல் எழுதிய கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில் எம்.எம்.ஆர். ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடவில்லை.

பழி மட்டும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது ‘போனைக் கையில் கொடுத்தாய், அதுதான்’ என்கிறார்கள். ஒரு பிள்ளை மணிக்கணக்கில் யூடியூப் பார்த்தால் எதிரே இருப்பவரோடு பேசும் நேரம் குறையும், அது நல்லதல்ல என்பது உண்மை. அமெரிக்க உச்சரிப்பில் நூறு வரை எண்ணிவிட்டுத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் அழும் பிள்ளைகள் இருப்பதும் உண்மை. ஆனால் கானர் பார்த்த அந்த 11 பேர் வாழ்ந்த காலத்தில் போன் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மனிதரைவிடத் திரையே சுலபமாக இருப்பதால் பிள்ளை திரையிடம் போகிறது என்றும் ஒரு வழி இருக்கிறதல்லவா?

பிள்ளை சொல்வது பல நேரம் நாம் எதிர்பார்க்கும் உருவில் வருவதில்லை. ‘தண்ணி வேணுமா?’ என்று அம்மா கேட்பதையே கேட்டுப் பழகிய பிள்ளை, தாகமெடுத்தால் அதே ராகத்தில் ‘தண்ணி வேணுமா?’ என்று வந்து நிற்கும். இன்னொரு பிள்ளை திடீரென்று ‘கம்பளை கண்டி, கம்பளை கண்டி, நகின்ன நகின்ன’ என்று கண்டக்டர் போலக் கூவும். எல்லோரும் சிரிப்பார்கள். கையில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தவருக்குத்தான் தெரியும், அது வெளியே கூட்டிப்போ என்ற விண்ணப்பம். இந்த எதிரொலிப் பேச்சை அர்த்தமற்ற பழக்கம் என்று அடக்கப் பார்த்த காலம் உண்டு. முழு வாக்கியமாக விழுங்கியதைப் பின்னால் துண்டு துண்டாகப் பிரித்துப் பயன்படுத்தப் பலர் கற்கிறார்கள். பேச்சே வராதவர்களுக்குப் படஅட்டைகளும், படத்தை அழுத்தினால் பேசும் டேப்லட்டும் உண்டு. ‘அதைக் கொடுத்தால் வாய் திறக்காமலே இருந்துவிடுவான்’ என்ற பயம் வேண்டாம். 2006இல் 27 பேரின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 89 சதவீதத்தினரிடம் பேச்சு கூடியிருந்தது, ஒருவரிடமும் குறையவில்லை.

இனிப் பெரஹராவுக்குப் போவோம், கண்டியில் இருந்துகொண்டு அதைத் தவிர்க்க முடியாது. எசல பெரஹரா ஊர்வலத்தின் முன்னே வருவது கசை. வெறும் தெருவில் அது வெடிக்கும் ஓசையில் வளர்ந்தவர்களுக்கே ஒரு கணம் தூக்கிவாரிப் போடும். பின்னால் தீப்பந்தங்கள், எரியும் கொப்பராவின் எண்ணெய் நெடி, தவிலும் தம்மட்டமும், மின்விளக்குப் போர்த்திய யானைகள், இரு பக்கமும் மதியத்திலிருந்தே இடம் பிடித்து நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சனம். முதல் கசைக்குத் திடுக்கிட்ட மூளை பத்தாவது கசைக்கு ‘அதுதானே’ என்று அடங்கிவிடும். ஒலியிலும் தொடுகையிலும் அதிகம் கூசும் ஆட்டிசப் பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது அந்த அடங்கல் சரியாக நடக்கவில்லை. ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற பகுதி, திரும்பத் திரும்ப வரும் அதே எரிச்சலுக்கு முதல் தடவை போலவே எழும்பி நின்றது. பத்தாவது கசையும் அவர்களுக்கு முதல் கசைதான். காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்தும் பிள்ளையைப் பார்த்து ‘ரெண்டு போட்டால் சரியாகிவிடும்’ என்கிறவர் இதை அறியமாட்டார். அடம் பிடிக்கும் பிள்ளை, கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இந்தப் பிள்ளைக்கு வேண்டியது எதுவுமில்லை, அங்கிருந்து வெளியேறுவது தவிர.

அதற்காகப் பெரஹராவே வேண்டாம் என்பதல்ல. முதல் ஐந்து இரவும் கும்பல் பெரஹரா, ஊர்வலமும் சின்னது, கூட்டமும் பின்னால் வரும் ரந்தோலி நாட்களைவிடக் குறைவு. கடைசியில் கெட்டம்பேயில் நீர்வெட்டுச் சடங்கு முடிந்தபின் வரும் பகல் பெரஹராவில் பந்தமும் புகையும் இல்லை. முந்திய நாட்களில் வீடியோவில் சத்தத்தைக் குறைத்துக் காட்டி, எது எதன் பின்னால் வரும் என்று படம் படமாக வரிசைப்படுத்திச் சொல்லி, காதடைக்கும் ஹெட்போன் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒதுங்கிப் போக ஒரு சந்து இருக்கும் இடமாகப் பார்த்து நிற்கலாம். கையை உதறினால் உதறட்டும். பலருக்கு அது தன்னைத் தானே அமைதிப்படுத்தும் வழி. தடுத்தால் பதற்றம்தான் கூடும்.

மருந்து பற்றிக் கேட்பீர்கள். ஆட்டிசத்தின் அடிப்படையை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. கடுமையான எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் வலிப்புக்கும் தனித்தனியே மருந்து உண்டு, அவ்வளவே. உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம், ஸ்டெம் செல் போடுகிறோம் என்கிறவர்களிடம் காணி உறுதியை அடகு வைத்துப் போகவேண்டாம்.

ஆதாரத்தோடு நிற்பது பெற்றோர் வழியே செய்யும் பயிற்சி. மலைநாட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று பார்க்க கோவாவுக்கும் ராவல்பிண்டிக்கும் போகவேண்டும். 2016இல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்த ஆய்வு. 65 பிள்ளைகளில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஆறு மாதத்தில் 12 தடவை போனார்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுத்து, இருவருமாக உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். பிள்ளை கார் சக்கரத்தைச் சுற்றுகிறது. அம்மா ‘இது என்ன நிறம்? எத்தனை சக்கரம்? சொல்லு, சொல்லு’ என்று தொடுக்கிறாள். பிள்ளை முதுகைத் திருப்புகிறது. வீடியோவில் அதைத் தானே கண்டதும் அம்மாவுக்கு விளங்கிவிடும். அடுத்த தடவை கேள்வியை விட்டுவிட்டு, தானும் குனிந்து ஒரு சக்கரத்தைச் சுற்றி ‘சுத்துது’ என்று மட்டும் சொல்லிக் காத்திருக்கிறாள். பிள்ளை நிமிர்ந்து ஒரு கணம் அவளைப் பார்க்கிறது. ஆய்வின் முடிவும் இதையே எண்ணில் சொன்னது: பெற்றோர் பிள்ளையின் கவனத்தோடு ஒத்துப்போவது வெகுவாகக் கூடியது, பிள்ளை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. தோட்டத்தில் பிள்ளைமடுவம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண் இருக்கிறார், வீட்டுக்கு வரும் மிட்வைஃப் இருக்கிறார், போனில் கேமரா இருக்கிறது. பேராதனைக்கு வரும் பஸ்ஸைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மா மாறினாள், பிள்ளையிடம் மாற்றம் வந்தது என்பதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனம் புரியாது என்றே நீண்டகாலம் எழுதிவந்தார்கள். தானும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் அதைத் திருப்பிப் போட்டார்: அவருக்கு நம்மைப் புரியவில்லை என்றால் நமக்கும் அவரைப் புரியவில்லையே, ஏன் ஒரு பக்கத்தை மட்டும் குறை என்கிறோம்? 2020இல் கேத்தரின் க்ரொம்ப்டன் குழுவினர் 72 பெரியவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு கதையைச் சொல்லி, ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்லவேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் நின்ற வரிசையில் கதை மற்றவர்கள் வரிசையில் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்து நின்ற வரிசையில்தான் அதிகம் சிந்திப்போனது.

பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். இலங்கையில் 1988ஆம் ஆண்டின் அரச சுற்றறிக்கை ஒன்று அரச வேலைகளில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது, 1996இல் அவர்களின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அதே உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கைக்கு 2016இல் நாடு ஒப்புதல் கொடுத்தது. நேர்முகப் பரீட்சை அறைக்குள் இவை எதுவும் கூட வருவதில்லை. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேட்கும்போது, எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு சொல்வது, யாரைப் பார்ப்பது என்று திணறும் இளைஞர், கணக்குப் பதிவேட்டில் பிழை கண்டுபிடிப்பதில் அந்த அறையில் எல்லோரையும் விடக் கெட்டிக்காரராக இருக்கலாம். எல்லோரும் அப்படிக் கெட்டிக்காரராக இருக்கவேண்டும் என்றுமில்லை. சாதாரண வேலையைச் சாதாரணமாகச் செய்யவும் அவருக்கு உரிமை உண்டு. கேள்விகளை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடலாம், அல்லது ஒரு வாரம் வேலை செய்யவிட்டுப் பார்க்கலாம். எடுத்த பிறகும் கடினமாக ஒன்றுமில்லை: சத்தமான இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேசை போடாமல் இருப்பது, வேலை நேரம் மாறினால் முதல் நாளே எழுத்தில் சொல்வது, ‘கெதியாய் முடி’ என்பதற்குப் பதில் ‘மூன்று மணிக்குள் முடி’ என்பது.